கொழுந்துக்கும் காவல் வேண்டும்



பயங்கரவாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் வெடிகுண்டும் துப்பாக்கியும்தான் தோன்றுகின்றன. ஆனால் ஓசை இல்லாமல், புகை இல்லாமல், நோய்க்கிருமிகளைக் கொண்டே ஒரு நாட்டைத் தாக்க முடியும். இதற்கு உயிரியல் பயங்கரவாதம் என்று பெயர். உலக நாடுகள் கூடிப் பேசி, சட்டம் இயற்றி, இதை எதிர்கொள்ளத் தங்களைத் தயார் செய்து வருகின்றன.

"தலைநகரங்களும் விமான நிலையங்களும் கவலைப்பட வேண்டிய காரியம் இது. கேமரன் மலையில், கோலா தெர்லாவில், தேயிலைச் சரிவில் நிற்கும் எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிருமிகள் மனிதரை மட்டும் தாக்குவதில்லை. ஆட்டையும் மாட்டையும் தாக்குகின்றன. செடியையும் மரத்தையும் தாக்குகின்றன. ஒரே பயிரை நம்பிப் பல நூறு குடும்பங்கள் வாழும் இடத்தில், அந்தப் பயிரின் இலையில் நோய் விழுந்தால் முதலில் அணைவது தொழிலாளியின் அடுப்பு. நம் முன்னோர் இதை அனுபவித்தே அறிந்தவர்கள். ஆகவே, இன்று இலை நோய்களின் வரலாற்றின் வழியாக இந்தப் பெரிய செய்தியைப் பார்ப்போம்.

முதலில் இலங்கைக்குப் போவோம். இன்று இலங்கை என்றால் தேயிலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலங்கை என்றால் காப்பி. கண்டிச் சீமையின் காடுகளை வெட்டி, மலைகளில் காப்பி நட்டார்கள். அந்த வேலைக்குத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் பலர்.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடி காணப்பட்டது. இரும்பில் துரு பிடித்தாற்போல் இருந்ததால் அதை இலைத்துரு என்றார்கள். பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து மாதிரிகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அது ஒரு பூஞ்சணம் என்று அங்குள்ள அறிஞர்கள் கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பேரழிவு செய்வது என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கே அது எவ்வளவு பொருத்தமான பெயர் என்று அப்போது தெரிந்திராது.

தோட்டக்காரர்கள் முதலில் அதைப் பெரிதாக எண்ணவில்லை. உரம் போட்டால் சரியாகும் என்றார்கள். நல்ல மழை பெய்தால் போய்விடும் என்றார்கள். அந்த ஆண்டுகளில் காப்பி விலையும் உயர்ந்திருந்தது. ஆகவே மேலும் மேலும் காடு வெட்டிக் காப்பியே நட்டார்கள். 1880இல் அரசாங்கம் மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானியை வரவழைத்தது. காற்றில் பறக்கும் கண்ணுக்குத் தெரியாத வித்துகளால் இந்நோய் பரவுகிறது என்பதை அவர் மெய்ப்பித்தார். மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதும் பரவலுக்குத் துணை செய்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1890களில் இலங்கையின் காப்பி ஏற்றுமதி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

முறிந்த வங்கியின் பெயரும் நொடித்த துரைமார்களின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்று, வெறுங்கையோடு ஊர் திரும்பிய தமிழ்த் தொழிலாளிகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலைதான் பிறகு கைகொடுத்தது. காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு மலையில் குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களின் தோளில் கொழுந்துக் கூடை ஏறியதற்கு ஓர் இலை நோயும் காரணம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் துரு நோயை யாரும் வேண்டுமென்று கொண்டுவந்து விடவில்லை. ஆனால் அது இலங்கையோடு நிற்கவும் இல்லை. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களைப் பிடித்தது. 1876இல் ஜாவாவில் தோன்றியது. மலாயாவின் காப்பித் தோட்டங்களையும் எட்டியது. நூறாண்டுகளுக்குப் பின், 1970இல், கடல் தாண்டி பிரேசில் நாட்டிலும் காணப்பட்டது. காற்றும் கப்பலும் மனிதனின் கவனக்குறைவும் சேர்ந்தால் ஒரு பூஞ்சணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று.

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நோய்க்குத் தடுப்பு வைக்கவே தெரியாதா என்றால், தெரிந்திருந்தது. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார்களை அங்கே இறக்கினார்கள். அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று சோதித்தார்கள்; துணிமணிகளுக்கு மருந்தடித்தார்கள்; நாள் கணக்கில் அடைத்து வைத்தார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாமில் இதே அனுபவம். மனிதர்களைச் சோதிக்க இத்தனை ஏற்பாடு இருந்தது. ஆனால் நாற்றும் விதையும் மண்ணும் வேரும் பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாமல் நாடு விட்டு நாடு போயின.

செடிகளுக்கும் காவல் வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லத்தான் வந்தது. ஐரோப்பாவில் திராட்சைக் கொடியின் வேரை அரிக்கும் சிறு பூச்சி ஒன்று தோட்டம் தோட்டமாக அழித்தபோது, 1881இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பயிர் நோய்க்காக நாடுகள் ஒன்றுசேர்ந்த தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. 1951இல் ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனத்தின் வழியாகப் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவாயிற்று. ஒரு நாட்டில் அபாயமான பயிர் நோய் தோன்றினால் மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தம் விதிக்கும் கடமைகளுள் ஒன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவின் செல்வம் பால்மரம். அந்த மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சில கோலாகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் நம் மக்கள் விடியுமுன் எழுந்து சீவிய மரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சிறு வழித்தோன்றலே.

விதை வந்தது, ஆனால் அந்த மரத்தின் பகைவன் வரவில்லை. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் என்பது அதன் பெயர். இதுவும் ஒரு பூஞ்சணம். பால்மரத்தின் இளந்தளிரைத் தாக்கும். தளிர் கருகி உதிரும், மரம் மறுபடி துளிர்க்கும், அதுவும் கருகும். இப்படியே பலம் இழந்து மரம் பட்டுப்போகும். காட்டில் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் நோய் ஓரளவில் நின்றது. வரிசையாக நெருக்கி நட்ட தோட்டத்தில் அது தீயைப்போல் பரவியது. மோட்டார் கார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசில் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெரிய ரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். பணத்துக்குக் குறைவில்லை, இயந்திரத்துக்குக் குறைவில்லை. மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் இலைக்கருகல் வந்தது. 1934இல் வேறோர் இடத்தில் மீண்டும் முயன்றார், அங்கும் வந்தது. 1945இல் அத்தனையும் பிரேசில் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ரப்பரின் தாயகமான அமேசான் பகுதியிலேயே பெரிய ரப்பர்த் தோட்டம் நிலைக்க முடியாமல் போயிற்று.

அந்தப் பூஞ்சணம் ஆசியாவுக்கு வந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி மலாயாவின் ஆராய்ச்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 1956இல் தென்கிழக்கு ஆசிய, பசிபிக் வட்டார நாடுகள் ஒரு பயிர்ப் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டன. அதில் இந்த ஒரு நோயைத் தடுப்பதற்கென்றே தனி விதிகள் சேர்க்கப்பட்டன. அமேசான் வட்டாரத்திலிருந்து பால்மரக் கன்றையோ ஒட்டையோ நேராகக் கொண்டுவரக் கூடாது. ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டாலும், இந்நோய் பரவ முடியாத வேறொரு நாட்டில் வளர்த்துக் கண்காணித்த பிறகே கொண்டுவரலாம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுப் பயிர் நோய்த்தடுப்புச் சட்டமும் 1981ஆம் ஆண்டு விதிகளும் இந்தக் காவலை உறுதிப்படுத்தின. 2011இல் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் நடக்கும் சோதனைக்கென்றே மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. இன்று வரை அந்த நோய் ஆசியாவுக்குள் நுழையவில்லை. வராத நோயைப் பற்றிச் செய்தித்தாளில் தலைப்புச் செய்தி வருவதில்லை. ஆனால் எத்தனையோ குடும்பங்களின் சோற்றுப்பானையை அந்தக் காவல் காத்திருக்கிறது.

இதுவரை இயற்கையையும் கவனக்குறைவையும் பார்த்தோம். இனி தீய எண்ணத்தைப் பார்ப்போம்.

நோயை ஆயுதமாக்கும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானத்தோடு கைகோத்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் இரகசிய ஆட்கள், எதிரிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நோய்க்கிருமிகளைச் செலுத்தினார்கள். போருக்குப் பின், 1925இல், ஜெனீவா நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கை கிருமிகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆனால் பயன்படுத்துவதைத்தான் அது தடுத்தது. தயாரித்துச் சேர்த்து வைப்பதைத் தடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னும் வல்லரசுகள் இரகசியமாகக் கிருமி ஆயுதங்களைச் செய்தன. அமெரிக்கா கோதுமையைத் தாக்கும் துரு நோயையும், நெல்லைத் தாக்கும் குலை நோயையும் வளர்த்துச் சேமித்தது. யாருடைய நெல் என்று சொல்லவும் வேண்டுமோ? அரிசி உண்பவர்கள் ஆசிய மக்கள் அல்லவா?

1969 நவம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் தம் நாடு கிருமி ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தார். 1972 ஏப்ரல் 10ஆம் நாள் உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1975 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆயுத வகை முழுவதையும், செய்வதும் சேர்ப்பதும் குற்றம் என்று தள்ளிவைத்த முதல் உலக ஒப்பந்தம் இதுவே. மலேசியா 1972இலேயே கையெழுத்திட்டது, 1991இல் உறுதிப்படுத்தியது.

ஒப்பந்தம் அரசாங்கங்களைக் கட்டும். அரசாங்கம் அல்லாத ஒரு கூட்டத்தையோ தனி மனிதனையோ எது கட்டும்? இந்தக் கேள்விக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் அயல்நாட்டு நோய்களைக் கொண்டுவந்து பரப்புவோம் என்று தமிழ்த் தீவிரவாதிகளின் பெயரில் ஒரு மிரட்டல் வெளிவந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவ்வாறு நடந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். அப்படி நடந்திருந்தால், அந்தத் தேயிலையை நம்பி மலைநாட்டில் வாழ்ந்தவர்கள் யார்? நம் இனத்தைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளிகளே. அரசாங்கத்தை நோக்கி எறியும் கல், கொழுந்து பறிக்கிறவளின் தலையில்தான் விழுந்திருக்கும்.

இரண்டாவது, பிரேசிலின் பாகியா மாநிலம். அங்கே கொக்கோ பெரும் தோட்டப் பயிர். 1989இல் அங்கு ஒரு புதிய நோய் தோன்றியது. கொக்கோ மரத்தின் கிளைகள் துடைப்பம்போல் கொத்தாக முளைத்துக் காயும், காய்கள் கெடும். அந்நோய் அமேசான் காட்டுப் பகுதிக்குரியது. பாகியாவோ நெடுந்தொலைவில் உள்ளது. நோயுற்ற கிளைகள் மரங்களில் கட்டப்பட்டிருந்ததாக அப்போதே பேச்சு எழுந்தது. 2006இல் ஒருவர், தாமும் தம் கூட்டாளிகளும் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கை ஒடிக்கவே நோயைக் கொண்டுவந்ததாக ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். அவர் பெயர் குறிப்பிட்டவர்கள் மறுத்தார்கள். குற்றச்சாட்டு இன்றும் குற்றச்சாட்டாகவே நிற்கிறது. ஆனால் விளைவில் ஐயமில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தார்கள் என்று கணக்கிட்டுள்ளார்கள். முதலாளிகளின் கையை ஒடிக்கக் கிளம்பிய நோயாகவே இருந்தாலும், அது ஒடித்தது தொழிலாளியின் முதுகை.

மூன்றாவது, 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடித உறைகளில் வைத்து அனுப்பிய செய்தி. 22 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். அவர்களில் அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்தடுக்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். பல ஆண்டு விசாரணைக்குப் பின், அரசாங்க ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்த ஒரு விஞ்ஞானியைப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டியது. வழக்கு மன்றத்துக்கு வருமுன் அவர் இறந்துவிட்டார்.

இத்தகைய நிகழ்ச்சிகளும் அச்சங்களும் உலக நாடுகளை மேலும் விழிக்கச் செய்தன. 1985இல் தொடங்கிய ஆஸ்திரேலியக் குழு என்னும் நாடுகளின் கூட்டமைப்பு, ஆயுதமாகக் கூடிய கிருமிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பட்டியல்கள் வைத்திருக்கிறது. அதில் பயிர்க் கிருமிகளுக்கென்று தனிப்பட்டியல் உண்டு. நாம் முன்பு பார்த்த பால்மர இலைக்கருகல் பூஞ்சணமும் அதில் இடம் பெற்றிருக்கிறது! 2004இல் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் 1540ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் தனிக்கூட்டங்களின் கைக்குப் போகாமல் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அது எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் தன் பன்னாட்டுச் சுகாதார விதிகளைத் திருத்தியது. 2007 முதல் அவை நடைமுறையில் உள்ளன. உலகைப் பாதிக்கக்கூடிய நோய் நிகழ்ச்சி என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அந்த நோய் இயற்கையாக வந்ததா, விபத்தா, யாரேனும் விட்டதா என்பது அறிவிக்கும் கடமையை மாற்றாது.

குறைகளும் உண்டு. உயிரியல் ஆயுத ஒப்பந்தத்துக்கு, ஒரு நாட்டுக்குள் புகுந்து சோதிக்கும் அதிகாரிகள் கிடையாது. அப்படியொரு சோதனை முறையை உண்டாக்க நடந்த பேச்சுவார்த்தை 2001இல் முறிந்தது. ஆகவே ஒப்பந்தம் எழுதியாயிற்று, இனி அச்சமில்லை என்று யாரும் உறங்க முடியாது.

நேயர்களே, எல்லா ஏற்பாடுகளுக்கும் அடித்தளம் ஒன்று உண்டு. நோய் வந்துவிட்டது என்பதை யாராவது ஒருவர் முதலில் கண்டு, கண்டதைச் சொல்லி, சொன்னதை மற்றவர் கேட்க வேண்டும். இதில் தவறினால் என்ன நேரும் என்பதை நம் நாடே அனுபவித்திருக்கிறது.

1998 செப்டம்பரில், நம் மலைக்கு அடிவாரத்தில் உள்ள கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை வீக்கமும் வந்தன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதைக் கருதினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைகளில் பன்றிகள் உரக்க இருமிச் சாவதையும் அங்கு வேலை செய்தவர்கள் கண்டார்கள். அறிகுறிகள் கண்முன்னே இருந்தன. இதற்கிடையே பன்றிகள் லாரியேறி நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிஞர் சுவா காவ் பிங், இது உலகம் அறியாத புதிய வைரஸ் என்று கண்டார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நம் நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் மாண்டார்கள். அவர்களில் சீனரோடு இந்தியரும் இருந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பிறகு நடந்த ஆராய்ச்சியில் இதே வைரஸ், நம் பகாங் மாநிலத்துத் தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களிடமும் காணப்பட்டது.

நிப்பாவை யாரும் ஏவிவிடவில்லை. ஆனால் பின்னாளில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், தீயவர் கையில் ஆயுதமாகக் கூடிய கிருமிகளின் வரிசையில் அதையும் சேர்த்தது. நாளை அதை ஒருவன் ஏவினாலும், தானாகவே அது வந்தாலும், முதல் நாளில் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: வழக்கத்துக்கு மாறான ஒரு நோய். அதை விரைவில் கண்டறியும் வழியும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மீண்டும் தேயிலைக்கு வருவோம். தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோயை நம்மில் பலர் அறிவோம். இளம் இலையில் எண்ணெய்ப் பொட்டுபோல் தோன்றி, பிறகு கொப்புளமாகி வெண்மையாகப் பூக்கும். மூடுபனியும் ஈரமும் அதற்கு உகந்தவை. 1868இலேயே அசாமில் அறியப்பட்ட அந்த நோய், ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 1946இல்தான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. தோன்றிய பின் விரைந்து பரவியது. தோட்டங்கள் தப்பியது செம்பு மருந்தாலும், அடிக்கடி இலையைப் பார்த்த கண்களாலும்தான்.

அந்தக் கண்கள் யாருடையவை? ஆய்வுக்கூடத்தில் உள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறை வரலாம். அதிகாரி மாதத்துக்கு ஒரு முறை வரலாம். கொழுந்தை நாள்தோறும் தொடுகிறவர்கள் நீங்கள். நேற்று இல்லாத பொட்டு இன்று இருந்தால் அது முதலில் படுவது உங்கள் கண்ணில். பன்னாட்டு ஏற்பாடு என்று நாம் பேசிய அத்தனை பெரிய சங்கிலிக்கும் முதல் கண்ணி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே சில காரியங்களைக் குடும்பத்தோடு நினைவில் வையுங்கள். வெளிநாடு சென்று திரும்பும்போது பூச்செடி, கிளை, விதை, வேர், மண் எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுவராதீர்கள். ஊருக்குப் போய்வந்த உறவினர் ஆசையாய்க் கொடுத்த மல்லிகைக் கன்றே ஆனாலும் சரி. வேறு தோட்டத்துக்கோ காய்கறிப் பண்ணைக்கோ போய்வந்தால் காலணியையும் கருவிகளையும் கழுவுங்கள். வழக்கமில்லாத இலைநோய் கண்டால் அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோகவோ கண்ட இடத்தில் எறியவோ வேண்டாம். இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு மண்டோரிடம் சொல்லுங்கள். விவசாய இலாகாவுக்கும் தெரிவிக்கலாம். கோழியோ ஆடோ கூட்டமாகச் செத்தாலும், பலருக்கு ஒரே வகைக் காய்ச்சல் வந்தாலும் இப்படியே.

இன்று தோட்டங்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். நோய் என்றால் உடனே வந்தவர்கள்மீது பழி போடும் வழக்கம் எங்கும் உண்டு. ஜெரெஜாக் தீவில் அந்தப் பார்வைக்கு ஆளானவர்கள் நாம். அவர்கள் கண்ணும் காவல் கண்ணே. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

தோட்ட நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயைச் சொன்னதற்காக ஒருவன் வேலையையோ கூலியையோ இழப்பான் என்றால், அடுத்த முறை எவனும் சொல்ல மாட்டான். மறைக்கும் நோய் வளரும். சொன்னவனுக்குப் பாதுகாப்பு, அழிக்கப்பட்ட பயிருக்கு ஈடு, நின்றுபோன நாட்களுக்குக் கூலி என்ற மூன்றும் தொழிலாளிக்குச் செய்யும் தயவு அல்ல, நோய்த்தடுப்பின் பகுதி. ஆய்வுக்கூடம் கட்டச் செலவிடும் அரசாங்கம் இதற்கும் செலவிடத்தான் வேண்டும்.

1869இல் மடுல்சீமையில் அந்த மஞ்சள் பொடியை எத்தனையோ தமிழ்த் தொழிலாளிகள் தங்கள் விரலிலேயே துடைத்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்திருக்காது. இன்று உங்கள் பிள்ளைகள் பள்ளியில் விஞ்ஞானம் படிக்கிறார்கள். பூஞ்சணம் என்றால் என்ன, வைரஸ் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். மாலையில் அவர்களை உட்கார வைத்து, நீங்கள் இலையில் கண்டதைச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்ததை அவர்கள் சொல்லட்டும். உங்கள் அனுபவமும் அவர்கள் படிப்பும் சேர்ந்தால் கோலா தெர்லாவுக்கு நல்லதொரு காவல் கிடைக்கும்.